ஏழாவது மாடிக்கு ஏறிப் போகிறவர்: குடியிருப்பு மனநலப் பணிக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

சென்னையில் ஒருவரை மட்டம் தட்ட ஓர் ஊர்ப்பெயரே போதும். "அவன் கீழ்ப்பாக்கம் கேஸுப்பா" என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை அந்தப் பக்கம் இருப்பதால் வந்த வழக்கு இது. ஆஸ்பத்திரி எவ்வளவு மாறினாலும் அந்தப் பெயர் மட்டும் மாறாமல் நிற்கிறது. பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் ஏழாவது மாடியில் இருக்கும் ஒரு தாய் தன் மகனை அங்கே கூட்டிப்போக வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று லிஃப்ட் வாசலில் கேட்பவருக்கு ஒரு பொய்யும் தயாராக வைத்திருக்க வேண்டும். 2015–16-ல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. மனநலச் சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோய்க்கு நோய் மாறி, 70 முதல் 92 சதவீதம் என்று அது சொன்னது. அந்த எண்ணுக்குள் இந்தத் தாயும் மகனும் இருக்கிறார்கள்.

அந்த ஏழாவது மாடிக்கு ஏறிப் போகிற ஆள் நீங்கள். லிஃப்ட் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். நல்ல செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

எது உங்கள் வேலை, எது இல்லை

மாணவியாக இருந்தபோது மனநல வார்டில் வேலை பார்த்திருப்பீர்கள். அங்கே மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறந்து பார்க்கலாம். இங்கே அது நடக்காது. இது அவர்கள் வீடு, நீங்கள் விருந்தாளி. உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும்.

நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் மருத்துவர் வேலை. "சிஸ்டர், தூக்கம் வரல, ஒன்னரை மாத்திரையா போட்டுக்கவா?" என்று கேட்பார்கள். அங்கேயே போன் எடுத்து மருத்துவரிடம் கேளுங்கள், உங்கள் யோசனையைச் சொல்லாதீர்கள். ஆளைக் கண்டுபிடிப்பது, மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மருந்து நிற்காமல் பார்ப்பது, நின்றுவிட்டால் தேடிப் போவது ஆகிய நான்கும் உங்களுடையவை. நான்காவதைத்தான் இந்த வேலையின் உயிர் என்பேன். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படியோ நடந்துவிடுகிறது. மூன்றாவது மாதம்தான் ஆள் காணாமல் போகிறார்.

முதல் நாளே நோட்டின் முதல் பக்கத்தில் சில விவரங்களை எழுதி வையுங்கள். உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் மனநல மருத்துவர் வரும் கிழமை, பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு நாட்கள். (மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியபோது நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. நமக்கு இது புதிதல்ல.) அதற்குக் கீழே எண்கள்: ஆம்புலன்சுக்கு 108, அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104, அரசின் மனநல ஆலோசனை எண்ணான டெலி-மானஸுக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. டெலி-மானஸ் 2022 அக்டோபரில் வந்தது. கட்டணம் கிடையாது, நாள் முழுக்க இருக்கும், தமிழில் பேசலாம். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு இரவு 2 மணிக்குக் கூப்பிட அவர்களுக்கு ஓர் எண் வேண்டும். அது உங்கள் சொந்த எண்ணாக இருக்கக் கூடாது. நான் முதல் வருடம் கொடுத்துவிட்டுப் பட்டபாடு எனக்குத் தெரியும்.

முதல் மாதம் நடங்கள்

மனநலக் கேள்விப் படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். முதல் மாதம் நடப்பதற்கு மட்டும்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குக் கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நகரத்தின் நடுவிலிருந்து இங்கே வர 20 கிலோமீட்டருக்கு மேல். ஆண்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் இன்னும் பழைய இடத்துக்கே பிழைப்புக்குப் போகிறார்கள், விடிவதற்கு முன் கிளம்புகிறார்கள். ஆகவே காலை 10 மணிக்குக் கதவைத் தட்டினால் கிழவிகளும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாதவரும் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். மற்றவர்களைப் பார்க்க மாலை 4 மணிக்கு மேல், அல்லது ஞாயிறு. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள். வாரத் தவணை வசூலிக்க வரும் நாளில் பேசவும் மாட்டார்கள், கதவைத் திறக்கவும் மாட்டார்கள். அந்த நாள் எது என்று தெரிந்துவைப்பதில் இன்னொரு பலனும் உண்டு. அன்று எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீடுகள் சொல்லும்.

யாரைப் பழகிக்கொள்ள வேண்டும்? அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழு அக்கா, ரேஷன் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் வயதில் மூத்தவர். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீடு வீடாகக் கொடுக்கும் பெண் தன்னார்வலருக்கு எந்த வீட்டில் யார் குளிக்காமல் கிடக்கிறார் என்பது வரை தெரியும். அவரோடு ஒரு வாரம் சுற்றினால் உங்கள் ஆறு மாத வேலை மிச்சம். மருந்துக் கடைக்காரரையும் விட்டுவிடாதீர்கள். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருபவர்களை அவருக்குத் தெரியும்.

கதவைத் தட்டும்போது

பி.பி. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "மனநலத்திலிருந்து வந்திருக்கேன்" என்று படிக்கட்டில் நின்று சொன்னால் அந்த வீட்டுக்கு அன்றிலிருந்து ஒரு பெயர் வந்துவிடும். முதலில் எல்லா வீட்டிலும் பி.பி. பாருங்கள். பிறகு எந்த வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலும் யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

பக்கத்து வீட்டில் ஒருவரைப் பற்றி விசாரிக்காதீர்கள். கதவு பூட்டியிருந்தால் "பி.பி. பாக்க வந்தேன், அப்புறம் வரேன்னு சொல்லுங்க" என்பதோடு நிறுத்துங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 23-வது பிரிவில் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதுதான் முறை. உங்கள் நோட்டிலும் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் நோயின் பெயரை எழுதாதீர்கள். நான் பச்சை, சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்வேன். ஒரு தடவை ஷேர் ஆட்டோவில் நோட்டைத் தொலைத்தேன். அன்று இரவு தூங்கினேன் என்றால் அந்தப் புள்ளிகளால்தான்.

பேச்சை உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்

"மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்ல சிஸ்டர்" என்பார்கள். அந்தச் சொல்லே அவர்களுடையது இல்லை. தலை பாரம், நெஞ்சடைப்பு, படபடப்பு, கைகால் அசதி, குத்தல் குடைச்சல், "யோசனை ஜாஸ்தி", "நரம்புத் தளர்ச்சி" என்றுதான் சொல்வார்கள். பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டே தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், அப்புறம் சாப்பாடு, அப்புறம் "முன்ன மாதிரி டிவி பாக்கத் தோணுதா, நாலு பேரோட பேசத் தோணுதா?" என்று. நெஞ்சடைப்பு என்று சொன்னால் மனசு என்று நீங்களே முடிவு கட்டாமல், முதலில் இதயத்தைப் பார்க்க மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பழக்கமான பிறகு, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவம். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதைப் பரீட்சைத் தாள் மாதிரி வாசித்தால் எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றுதான் பதில் வரும். படிவம் "கடந்த இரண்டு வாரங்களில்" என்று கேட்கிறது. யாரும் வாழ்க்கையை அப்படி எண்ணுவதில்லை. "போன அமாவாசையிலேர்ந்து இன்னிக்கு பௌர்ணமி வரைக்கும்" என்று கேட்டுப் பாருங்கள், கணக்கு சரியாக விழும். அது பொருந்தாத வீட்டில் இரண்டு ஞாயிறு, இரண்டு வெள்ளி.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்காமல் படிவத்தை மூடிவைத்துவிட்டுப் பேசுங்கள். புதியவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. பல பேருக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே நிம்மதி. நான் கேட்கும் வரிசை இது:

"ரொம்ப முடியாதப்ப, எதுக்குடா இந்த உயிரோட இருக்கணும்னு தோணியிருக்காக்கா?"

"உயிரை விட்டுடலாம்னு யோசிச்சது உண்டா?"

"எப்படின்னு யோசிச்சீங்களா? அதுக்கு வீட்டுல ஏதாவது வாங்கி வச்சிருக்கீங்களா?"

மூன்றாவதற்கும் ஆமாம் என்றால் அவரைத் தனியாக விட்டுவிட்டு நகரக் கூடாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டு, எதை வாங்கி வைத்திருக்கிறாரோ அதை வெளியே எடுத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலை என்று தள்ளாதீர்கள்.

எலி பேஸ்ட் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டைத் தின்றவர் வாந்தி எடுத்துவிட்டு ஒன்றிரண்டு நாள் நன்றாக நடமாடுவார். "வாந்தில எல்லாம் வந்துடுச்சு சிஸ்டர், இப்ப நல்லாத்தான் இருக்கா" என்பார்கள். அதற்குப் பிறகுதான் கல்லீரல் கெடும். எவ்வளவு தின்றார், எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் அப்புறம், முதலில் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டார் தயங்குவார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. இதை அந்த நேரத்தில் சொன்னால் யார் காதிலும் விழாது. முன்கூட்டியே மகளிர் குழுக் கூட்டங்களில் சொல்லி வையுங்கள்.

பிள்ளை பெற்ற வீடுகள்: பிரசவமான முதல் சில வாரங்களில் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அது அவசரம். "பச்ச உடம்பு, காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று ஒரு வாரம் கடத்த விடாதீர்கள். குழந்தையையும் தாயையும் தனியாக விடக் கூடாது. அன்றே மருத்துவமனை.

மாத்திரை

இந்தக் குடியிருப்புகளில் மனநல மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் தூக்க மாத்திரை. "எத்தன நாளைக்கு தூக்க மாத்திரையே குடுப்பீங்க?" என்று மாமியார் கேட்பார், மகன் நிறுத்திவிடுவான். அதனால் முதல் தடவையே உட்கார்ந்து பேசுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டல் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆக முதல் வாரம் கஷ்டம் மட்டும்தான் தெரியும், பலன் தெரியாது. பத்தாம் நாள் நீங்கள் அந்த வாசலில் நிற்க வேண்டும். பலன் தெரிந்த பிறகு இன்னொரு ஆபத்து: "இப்ப நல்லாயிட்டேன், எதுக்கு?" என்று நிறுத்துவது. அதுதான் நான் சொன்ன மூன்றாவது மாதம்.

மனச்சிதைவுக்கான (ஸ்கிசோஃப்ரினியா) மருந்துகளில் பயமுறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பித்த சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே சொருகும், நாக்கு தடித்து வெளியே தள்ளும். பார்ப்பவர்கள் பேய் என்பார்கள். மருந்தின் பக்கவிளைவுதான், ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் சரியாகிவிடும். இதை முன்பே சொல்லி வைத்த வீட்டில் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சொல்லாத வீட்டில் மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு வேப்பிலை அடிக்கப் போவார்கள். கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டை மாதிரி விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது வேறு கதை, உயிருக்கு ஆபத்து. உடனே 108.

மனநிலை ஏறி இறங்கும் நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்களை ஒரு தனிப் பட்டியலாக வைத்திருங்கள். சென்னை மே மாதத்தில் அவர்கள்தான் என் கவலை. வியர்வை, பேதி, வாந்தி என்று உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் டைக்லோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும், எனலாப்ரில் போன்ற சில பி.பி. மாத்திரைகளும் அதை ஏற்றும். "உப்பைக் குறைங்க" என்று பி.பி.க்காக நாமே சொல்லும் அறிவுரையைத் திடீரென்று கடைப்பிடித்தாலும் ஏறும். அதனால்தான் அந்தப் பெண் தன்னார்வலரோடு பழகச் சொன்னேன், இரண்டு பேர் பையிலும் உள்ள மாத்திரைகளை ஒரே பாயில் கொட்டிப் பார்க்க வேண்டும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு.

தினமும் மாத்திரை போட மறுப்பவர்களுக்கு மருத்துவர் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி எழுதுவார். ஃப்ளூஃபெனசின் டெகனோயேட் அதில் பழையது, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று. மருந்து நல்லெண்ணெயில் கலந்தது என்றால் வீட்டில் ஆச்சரியப்படுவார்கள். எண்ணெய் என்பதால் சிரிஞ்சும் ஊசியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஈரம் பட்டால் கலங்கிவிடும். இடுப்புத் தசையில் ஆழமாக, தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துப் போடுங்கள். போன தடவை எந்தப் பக்கம் என்று எழுதி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊசியை நேரடியாக அவரிடம் விளக்கிச் சம்மதம் வாங்கிப் போட வேண்டும். "சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுடுங்க சிஸ்டர்" என்று வீட்டார் கெஞ்சுவார்கள். சாம்பாரில் மாத்திரையைக் கலப்பதும் அதே வகைதான். ஒரு நாள் அவருக்குத் தெரிந்தே தீரும். அன்றிலிருந்து உங்களையும் நம்பமாட்டார், அம்மா கையால் சாப்பிடவும் மாட்டார்.

சரி, காணாமல் போனவர்களைத் தேடும் முறை. நோட்டில் ஒவ்வொருவருக்கும் மாத்திரை தீரும் தேதி எழுதியிருக்க வேண்டும். தீர்ந்து மூன்று நாளில் வரவில்லையென்றால் போன், ஒரு வாரத்தில் நேரில். போனதும் "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மீதி மாத்திரையை எண்ணுங்கள். எண்ணிக்கை பாதி கதையைச் சொல்லிவிடும். மீதிக் கதை பெரும்பாலும் நோயைப் பற்றியதாக இருக்காது. பஸ் காசு, லீவு போட்டால் வேலை போய்விடும், துணைக்கு வரும் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கிளினிக்கில் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள், இவை மாதிரிதான். ஒரு மையத்தில் மனநல ஓ.பி. சீட்டு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் யார் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியும். எல்லாருக்கும் ஒரே நிறம் என்று மாற்ற வைப்பதற்குள் எனக்கு ஒரு வருடம் ஆனது.

கோயில், தர்கா, மந்திரம்

சண்டை போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகியது நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் அரசுத் திட்டம் வந்ததும் நினைவிருக்கட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: "குணசீலம் கோயிலுக்குப் போய்ட்டு வாங்கம்மா, மாத்திரையையும் பையில எடுத்துட்டுப் போங்க." கட்டிப் போட்டாலோ அடித்தாலோ பட்டினி போட்டாலோ மட்டும் குறுக்கே நிற்க வேண்டும்.

குடி

இதைப் பற்றி நீளமாக எழுதலாம், இங்கே ஒன்றே ஒன்று. பல வருடம் தினமும் குடித்தவர் மாலை போட்டோ சபதம் எடுத்தோ ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, இடம் தெரியாமல் உளறுவது. அது பைத்தியமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்த வேண்டிய விஷயம். "விட்டுட்டாரு சிஸ்டர்!" என்று மனைவி சந்தோஷமாகச் சொல்லும்போது "எப்பலேர்ந்து?" என்று கேளுங்கள்.

தெருவில் இருப்பவர்

பஸ் ஸ்டாண்டில் அழுக்குத் துணியோடு தனியாகப் பேசிக்கொண்டிருப்பவரை நீங்களே வண்டியில் ஏற்ற முயல வேண்டாம். முதல் நாள் டீ, மறுநாள் பெயர். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு 2017 சட்டத்தின் 100-வது பிரிவின்படி காவல்துறையுடையது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் இது தெரியாதவர்களும் இருப்பார்கள். அந்தப் பிரிவின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும், மரியாதையாக நீட்டுங்கள். சென்னையில் 1993 முதல் வீடற்ற, மனநோயுள்ள பெண்களுக்காக வேலை செய்யும் பான்யன் போன்ற அமைப்புகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவுக்கும், 1986-ல் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்புக்கும் இருக்கின்றன.

காகித வேலை

நோய் நாட்பட்டு, ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம். அட்டைக்கு ஆதார், ரேஷன் கார்டு, சிகிச்சை எடுத்த பழைய சீட்டுகள் தேவைப்படும். சீட்டுகளைத்தான் எல்லோரும் தூக்கிப் போட்டிருப்பார்கள். முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் எதுவும் தொலையாத இடம் அதுதான்.

உங்களுக்கு

புதிய வீட்டுக்கும் கோபமாக இருப்பவர் வீட்டுக்கும் இரண்டு பேராகப் போங்கள். கதவுப் பக்கம் உட்காருங்கள். எங்கே போகிறீர்கள் என்று மையத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோவார், அது ஒரு நாள் நடக்கும். அன்று மாலை நேராக வீட்டுக்குப் போகாமல் கூட வேலை செய்பவரோடு உட்கார்ந்து, கடைசியாக எப்போது பார்த்தோம், என்ன பேசினோம் என்று ஒரு தடவை முழுக்கச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போங்கள். கதவைத் திறப்பார்களோ மாட்டார்களோ என்று தயங்காதீர்கள், இதுவரை எனக்கு யாரும் திறக்காமல் இருந்ததில்லை.

மாற்றல் உத்தரவு வந்தால் நோட்டை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே அடுத்து வரும் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு சிவப்புப் புள்ளி வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்குங்கள். "இனிமே இவங்கதான் வருவாங்க" என்று நீங்கள் வாசலில் நின்று சொல்லுங்கள், பி.பி. கருவியை அவர் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.